மரண உதவிச் சங்கத்துக் காசு உயிரோடிருக்கும்போதே உதவட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டங்களில் ஒருவர் இனித் தேறமாட்டார் என்ற நிலைக்கு வந்துவிட்டால், வீட்டார் செய்யும் செலவில் பெரும்பகுதி நோயாளியின் உடம்புக்குப் போய்ச் சேர்வதில்லை. வேன் கூலிக்கும், மூன்றாவது தடவை தனியாரில் நிபுணரைச் சனல் பண்ணுவதற்கும், நேர்த்திக்கும், பார்க்க வருகிறவர்களின் தேத்தண்ணிக்குமே போகிறது. அதே லயன் வீட்டுக் காம்பராவில் படுத்துக்கிடப்பவரின் உதடு வறண்டு வெடித்திருக்கும், இடுப்புக்குக் கீழே புண் விழுந்திருக்கும், வலி மாத்திரை முந்தாநாளே தீர்ந்திருக்கும். பாசத்துக்கு ஒரு குறையும் இருக்காது. எது முதலில், எது பிறகு, எதை விட்டேவிடலாம் என்று அந்த வீட்டாருக்கு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். தோட்டப்புறங்களில் நோயாளர் பராமரிப்பில் ஈடுபட்டிருப்பவர்கள் என்ற வகையில் அந்த வரிசையைப் பற்றியே இதை எழுதுகிறோம். கடைசியில், மாதச் சந்தா வாங்கிச் சாவு வீட்டுக்கு உதவும் மரண உதவிச் சங்கங்களிடம் ஒரு கோரிக்கையும் உண்டு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். திடீரென ஒருவருக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்து, பேச்சுக் குழறினால் அது நிமிடக் கணக்கு. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் பயன். அதுவும் தலையை ஸ்கேன் செய்து, இரத்தக் கசிவு இல்லையென்று பார்த்த பிறகுதான் போடுவார்கள். எண்ணெய் தேய்க்கவோ, மந்திரிக்கவோ, காலையில் டிஸ்பென்சரி திறக்கட்டும் என்று காத்திருக்கவோ அங்கே நேரம் கிடையாது. 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் வண்டி பெரிய பங்களா வாசலில் போய் நிற்கும். டிவிசன், லயனுக்குப் பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பாடசாலை, வண்டி எதுவரை ஏறும் என்பதையும் சொல்லி, டோர்ச்சுடன் ஒருவரை முச்சந்திக்கு அனுப்ப வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதை ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

நாங்கள் பேச வந்தது மற்ற வகை நோயை. பரவிவிட்ட புற்றுநோய், செயலிழந்த சிறுநீரகம், சுருங்கிப்போன ஈரல், எழும்ப முடியாமல் போன இரண்டாவது மூன்றாவது பக்கவாதம். இங்கே அவசரம் குறைவு, காலமும் குறைவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பணமும் பலமும் போகிறது.

வைத்தியர் 'வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்' என்று சொன்னால் நம் சனங்கள் அதைக் கைவிட்டதாக எடுத்துக்கொண்டு, அன்றைக்கே வேன் பிடித்துக் கண்டிக்கோ கொழும்புக்கோ கிளம்புகிறார்கள். அதற்கு முன்பு வார்ட்டிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். இந்த நோய் மாறுமா, அல்லது வேதனையைக் குறைப்பது மட்டும்தானா? இன்னொரு சிகிச்சை செய்தால் எத்தனை நாள் வைத்தியசாலையில் கிடக்க வேண்டும், செய்யாவிட்டால் என்ன நடக்கும்? சாப்பிடும் பத்து மாத்திரையில் இனித் தேவையில்லாதவை எவை? எந்த அறிகுறி வந்தால் திரும்பக் கொண்டுவர வேண்டும், எது வந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்? கேட்கப் போகிறவர் வீட்டில் சத்தமாகப் பேசுபவராக இருக்கத் தேவையில்லை, சிங்களம் நன்றாகத் தெரிந்தவராக இருந்தால் போதும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் தமிழ் தெரிந்த தாதி இருக்கும் நேரத்தைக் கேட்டு அந்த நேரத்துக்குப் போகலாம். சொன்னதைத் தமிழில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, சரிதானா என்று திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இன்னொரு வைத்தியரிடம் ஒரு தடவை கேட்பது நியாயம். அதற்கு டயக்னோசிஸ் கார்ட் (வைத்தியசாலையை விட்டு வரும்போது தரும் நோய் விவரத் துண்டு), ஸ்கேன் படங்கள், இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், பயொப்சி (சதைத் துண்டுப் பரிசோதனை) அறிக்கை எல்லாம் கையோடு போக வேண்டும். வெறுங்கையோடு போனால் எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொல்வார்கள். மூன்றாவது, நான்காவது ஆளிடம் போவது பெரும்பாலும் பதிலை மாற்றிச் சொல்ல ஒருவரைத் தேடும் ஓட்டம்தான். தனியாரில் காசு கொடுத்துப் பார்க்கும் நிபுணர் பலவேளை அரசாங்க கிளினிக்கிலும் இருப்பவரே. புற்றுநோய்க்கு மஹரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டுமென்ற எண்ணமும் இன்னும் இருக்கிறது. கண்டியிலும் பதுளையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. தொடர் கிளினிக்கை அங்கே மாற்றித்தர முடியுமா என்று மஹரகமையிலேயே கேட்கலாம். போயே ஆக வேண்டுமென்றால், அட்டனிலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் கொழும்புக் கோட்டை வரை போய்த் திரும்பி வரத் தேவையில்லை. அவிசாவளையில் இறங்கினால் ஹைலெவல் வீதி பஸ் மஹரகமையைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகிறது. எழும்பி உட்கார முடியாத நோயாளிக்கு இந்த ஒரு மணித்தியாலம் பெரிய விசயம்.

இனி வலி. வரிசையில் முதலிடம் இதற்குத்தான், வீடுகளில் கடைசி இடமும் இதற்குத்தான். புற்றுநோய் வலிக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் மோர்பின் மாத்திரை கொடுக்கிறார்கள். 'பழக்கமாகிவிடும்', 'அது கடைசி மருந்து' என்று பயந்து வீட்டார் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, நோயாளி கத்தும்போது மட்டும் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார்கள். வலி முற்றிய பிறகு கொடுத்தால் அது அடங்க நேரமெடுக்கும், கூடுதல் அளவும் தேவைப்படும். சாதாரண மாத்திரை 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, மெதுவாகக் கரையும் வகை 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். வலி இருக்கிறதோ இல்லையோ, எழுதிய நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரையை விழுங்க முடியவில்லையென்று அம்மியில் வைத்து இடித்துக் கொடுக்கவே கூடாது. பன்னிரண்டு மணித்தியால மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கி மூச்சை அடக்கிவிடும். விழுங்க முடியவில்லையென்றால் கிளினிக்கில் சொல்லி வேறு வகை கேட்க வேண்டும்.

மோர்பின் தொடங்கியவருக்கு மலச்சிக்கல் கிட்டத்தட்ட நிச்சயம். அதற்குரிய மருந்தையும் அன்றே கேட்டு வாங்குங்கள். கேட்காமல் விட்டால் ஐந்தாம் நாள் வயிறு உப்பி, வாந்தியெடுத்து, 'அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுகிறார்கள். வலி திரும்ப வருகிறது. முதல் இரண்டு மூன்று நாள் தூங்கித் தூங்கி விழுவது வழமை, பிறகு தெளிந்துவிடும். சிறுநீரகம் பழுதானவரிடம் மட்டும் கவனம் வேண்டும். அவர்களுக்கு மருந்து உடம்பில் தங்கி, கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், பேச்சுத் தடுமாறும். உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை வாரத்துக்கு ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். கிளினிக் நாள் போயாவிலோ சித்திரை வருடப்பிறப்பிலோ விழுந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும், இடையில் கடையில் வாங்கவும் முடியாது.

பெனடோல் பற்றியும் ஒரு சொல். டிஸ்பென்சரியில் தரும் பரசிட்டமோலும் கடையில் வாங்கும் பெனடோலும் ஒரே மருந்து. இரண்டையும் வேறு வேறென்று நினைத்து இரண்டிரண்டாகக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக்கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும், ஈரல் நோயாளிக்கும், குடித்துப் பழகியவருக்கும் அதைவிடக் குறைவு. நோயில் மெலிந்து கிடக்கும் எத்தனை பேர் 50 கிலோ இருப்பார்கள்?

அடுத்தது படுக்கை. பகலில் 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். முழுதாக ஒருக்களிக்க வைத்தால் இடுப்பெலும்பில் பாரம் விழும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிப் பாதிச் சரிவாக வைத்தாலே போதும். முழங்கால்களுக்கு நடுவே மடித்த கம்பளி, கெண்டைக்காலின் கீழே ஒரு தலையணை. குதிகால் படுக்கையில் படாமல் தொங்க வேண்டும். தினமும் குளிப்பாட்டும்போது முதுகின் அடி, இடுப்பின் இரு பக்கம், குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த அல்லது கறுத்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது நிறம் மாறாவிட்டால் அது புண்ணின் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, உள்ளே சதை இன்னும் கிழியும். சைக்கிள் டியூபை வளையமாக வைத்து உட்கார வைப்பதும் வேண்டாம், வளையம் சுற்றிலும் இரத்த ஓட்டத்தை அடைக்கும். மூத்திரம் போகிறதென்று கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்கையோ பொலித்தீனையோ நேரடியாக விரிப்புக்குக் கீழே போட்டால் வியர்வை தேங்கி ஒரே வாரத்தில் தோல் உரியும். அதன்மேல் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துப் போட்டு, நனைந்தவுடன் மாற்ற வேண்டும்.

குளிருக்கு என்று செய்யும் இரண்டு காரியங்கள் ஆபத்தானவை. ஒன்று, சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைப்பது. பக்கவாதக்காரருக்கும் நாள்பட்ட சீனி வருத்தக்காரருக்கும் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் வீட்டார் பார்ப்பார்கள். காலுறையும் இரண்டு கம்பளியும் போதும். மற்றது, கதவு ஜன்னலை அடைத்துக் காம்பராவுக்குள் கரிச்சட்டி வைப்பது. கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை இல்லை. நோயாளியோடு பக்கத்தில் படுத்த பிள்ளையும் எழும்பாது. மூச்சுத் திணறுபவரை அடுப்புப் புகை வராத பக்கம் தலை வைத்து, முதுகைச் சாய்த்து உட்கார வைத்து, ஜன்னலை ஒரு சாண் திறந்துவிட்டால் பாதி ஆறுதல் கிடைக்கும்.

சாப்பாட்டில்தான் பாசம் அதிகமாகக் காயப்படுத்துகிறது. உடம்பு அடங்கிவரும் காலத்தில் பசி எடுக்காது. சாப்பிடாததால் அவர் போகப்போவதில்லை, போகும் கட்டத்தில் இருப்பதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. 'ஒரு வாய், ஒரு வாய்' என்று படுத்தவரின் வாயில் கஞ்சியை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாகும். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால், விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. கொடுத்து முடித்து அரை மணித்தியாலம் படுக்க வைக்கக் கூடாது. வாயைத் துடைப்பது அதைவிட முக்கியம். அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, மெல்லிய துணியை விரலில் சுற்றி நனைத்து, பல், நாக்கு, கன்னத்தின் உட்பக்கம் எல்லாம் நாளுக்கு நாலைந்து தடவை. உதட்டுக்கு வெசலின். வழித்தாலும் எளிதில் போகாத வெள்ளைப் படலம் நாக்கில் இருந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். மருந்து உண்டு, டிஸ்பென்சரியில் சொல்லுங்கள்.

கடைசி நேரத்தில் சொந்தங்கள் வரிசையாக வந்து பால் ஊற்றும் வழக்கம் நமக்கு உண்டு. அதை நிறுத்தச் சொல்ல நாங்கள் யாருமல்ல. விழுங்க முடியாதவரின் தொண்டையில் பத்துப் பேரின் பால் இறங்கினால் மூச்சு முட்டித்தான் உயிர் போகும் என்பதை மட்டும் சொல்கிறோம். பஞ்சைப் பாலில் தொட்டு உதட்டில் வையுங்கள், சம்பிரதாயத்தில் ஒன்றும் குறையாது. தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துச் சரித்து விடுங்கள். அந்தச் சத்தம் நமக்குத்தான் கொடுமை, அவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

யார் பார்த்துக்கொள்வது? தோட்டத்தில் வேலைக்குப் போகாவிட்டால் பேர் (அன்றைய நாட்சம்பளக் கணக்கு) விழாது, பேர் விழாவிட்டால் மாதக் கடைசியில் சம்பளத் துண்டில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்துகிறார்கள். நோயாளி போன பிறகும் அந்தப் பிள்ளை திரும்பிப் போவதில்லை. பெரியவர்கள் தமக்குள் நாளைப் பிரித்து ஆளுக்கு வாரத்தில் ஒன்றோ இரண்டோ நாள் பேரை விட்டுக்கொடுப்பது கஷ்டம்தான், ஆனால் முடியும். இரவைப் பத்திலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஆறு என்று பிரியுங்கள். ஒரே மருமகள் பத்து இரவு விழித்திருந்தால் பதினோராவது நாள் மருந்து மாறும். பார்க்க வருகிற உறவுகள் ஹோர்லிக்ஸ் போத்தலுக்குப் பதிலாக இரண்டு மணித்தியாலத்தைக் கொண்டுவரட்டும்: 'அண்ணி, நீ போய்ப் படு, நான் மாமாவைப் பார்த்துக்கொள்கிறேன்'. மருந்து, மலசலம், வலி எல்லாவற்றையும் நேரத்தோடு எழுத ஒரு கொப்பி. கிளினிக்கோடு பேச ஒரே ஆள். வெளிநாட்டில் வேலை செய்யும் மகளுக்கு மறைக்க வேண்டாம். நாள் முழுக்க உறக்கம், ஒரு மிடறு தண்ணீரும் இறங்காமை, மூத்திரம் குறைந்து கறுத்தல், கைகால் குளிர்ந்து திட்டுத் திட்டாக நீலம் பாரித்தல், மூச்சு விட்டு விட்டு வருதல்: இவை தெரிந்த பிறகு டிக்கெட் போட்டால் பெரும்பாலும் பிந்திவிடும். அதற்கு முன்பே சொன்னால்தான் அவள் முடிவெடுக்க முடியும்.

காகிதங்களை நோயாளி தெளிவாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். அடையாள அட்டையில் ஒரு பெயர், ஊழியர் சேமலாப நிதியில் (EPF) வேறு எழுத்து, வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று என்பது தோட்டத்தில் சாதாரணம். இந்த வித்தியாசத்தைத் தோட்ட அலுவலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் அவர் உயிரோடிருக்கும்போது சரிசெய்வது சுலபம், பிறகு சத்தியக்கடதாசி எடுத்து அலைய வேண்டும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறின. அதற்கு முன்பும் வேலை செய்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அங்கத்துவ இலக்கம் இருக்கலாம், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நிதிப் பணத்துக்கு உரியவராக யாரை நியமித்திருக்கிறார் என்பதைப் பாருங்கள்; எப்போதோ இறந்துபோன தாயின் பெயரே இன்னும் இருக்கலாம். பத்து வருடத்துக்கு மேல் சேவையும் நிதிக் கணக்கில் 3 இலட்சம் ரூபாவும் இருந்தால், வேலையில் இருக்கும்போதே மருத்துவத் தேவைக்கு 30 வீதம் வரை எடுக்க வழியுண்டு. நாட்சம்பளக்காரருக்குப் பணிக்கொடை வருடத்துக்கு 14 நாள் சம்பளம். அவர் இறந்தால் அது வாரிசுக்கு உரியது, தோட்டம் தானாகத் தரும் என்று காத்திருக்காமல் எழுத்தில் கேளுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

கல்யாணம், சடங்கு, தேர்த்திருவிழா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நோயாளி பார்க்க ஆசைப்பட்டால் கோயிலில் வைத்துச் சின்னதாக முன்கூட்டியே செய்யுங்கள். ஆசைப்படாவிட்டால் தள்ளிப்போடுங்கள். மண்டபத்துக்கு வட்டிக்கு வாங்குவது இரண்டு வகையிலும் வேண்டாம்.

வீட்டிலேயே உயிர் பிரிந்தால், பயத்தில் உடலை ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறார்கள். கொண்டுவரும்போதே இறந்திருந்தால் திடீர் மரண விசாரணை, சிலவேளை பிரேத பரிசோதனை என்று உடல் கைக்கு வரத் தாமதமாகும். நோய் முன்பே தெரிந்ததாக இருந்தால் டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் வைத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் அறிவித்துப் பதிவு செய்யலாம். அதற்காகத்தான் அந்தக் காகிதங்களைத் தலைமாட்டிலேயே ஒரு கவரில் வைக்கச் சொல்கிறோம்.

இப்போது கோரிக்கை. அநேகமாக எல்லாத் தோட்டங்களிலும் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. மாதாமாதம் சந்தா கட்டுகிறோம். கூடாரம், கதிரை, பெற்றோமெக்ஸ், பெரிய பானை எல்லாம் சங்கத்திடம் உண்டு. உயிரோடிருப்பவருக்கு உதவும் ஒரு சாமானும் கிடையாது. ஒரு கொமோட் கதிரை, ஒரு சக்கர நாற்காலி, பம்புடன் ஒரு காற்று மெத்தை, இரண்டு பெட்பான், இரண்டு மூத்திரப் போத்தல்: ஒரு டிவிசனுக்கு இது போதும். திரும்பி வந்ததும் சவர்க்காரமும் ப்ளீச்சும் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துக் கையொப்பம் வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். கரன்ட் போனால் காற்று மெத்தை இறங்கிவிடும், அது இருந்தாலும் பக்கம் மாற்றுவதை நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

காசிலும் ஒரு பங்கு முன்பே போகலாம். 'சாகுமுன் சாவுக்காசு கொடுப்பதா' என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத் தனிக் கணக்கு, தனிப் பெயர் வைத்துக்கொள்ளலாம். வாங்கியவர் தேறிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். சந்தோசப்பட்டுவிட்டு, பிறகு எப்போதோ கொடுக்க வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம். புதிய சங்கம் எதுவும் தேவையில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் யாப்பில் பின்வரும் வாசகத்தைச் சேர்க்கத் தலைவர்மார் முன்வர வேண்டும்:

"அங்கத்தவர் அல்லது அவரது குடும்பத்தவர் ஒருவர் குணமாக்க முடியாத நோயில் இருப்பதாக அரசாங்க வைத்தியர் எழுத்தில் தந்தால், அவருக்குரிய மரண உதவித் தொகையில் மூன்றில் ஒரு பங்கை மருந்து, போக்குவரத்து, பராமரிப்புச் சாமான் ஆகியவற்றுக்காக ஏழு நாட்களுக்குள் வழங்கலாம். மீதித் தொகை வழமைபோல வழங்கப்படும்."

இப்படிக்கு,
தோட்டப்புற நோயாளர் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள தாதியரும் நலன்புரி ஊழியர்களும்,
அட்டன்.